பதினாலடி வாசல்

ஓவசியர் யோகலிங்கம் ஜெகதீஸ்வரியின் வீட்டை வீடாகப் பார்க்கவில்லை. கியூப் கணக்கில் பார்த்தார்.

நாடாவின் ஒரு முனையைக் கூலியாள் வாசலில் பிடித்துக்கொள்ள, மறுமுனையோடு அவர் உள்ளே நடந்தார். லொறிக்காரர் இருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த வாங்கைத் தாண்டினார். அடுப்பைத் தாண்டினார். கொடியில் காய்ந்த அவள் புருஷன் ஏரம்புவின் சாரத்தைத் தலையால் விலக்கிக்கொண்டு போய், கடைசிச் சுவரில் முட்டி நின்று, "நூற்றிருபது அடி!" என்று கத்தினார். பிறகு சுவரின் தடிப்பை அளந்தார். காற்சட்டைப் பையிலிருந்து வெண்கட்டியை எடுத்து, ஜெகதீஸ்வரி அகப்பை மாட்டும் ஆணிக்குக் கீழே கொட்டை எழுத்தில் 115 என்று எழுதினார்.

"என்ன ஓவசியர் ஐயா, சுவருக்கு நம்பர் போடுறியள்?"

"கல்லு, தங்கச்சி. நூற்றிப்பதினைஞ்சு கியூப் கிடக்கு."

"இது எங்கட வீடெல்லே? கடையும் இதுதான்."

"உமக்கு வீடு. றோட்டுக்கு முருகைக்கல்லு. பரந்தன் பக்கம் வெட்டுற புது றோட்டுக்கு அடிக்கல் இல்லாமல் நான் நாயா அலையிறன். இஞ்சை ஒரு கல்மலை சும்மா நிக்குது." வாங்கில் குந்தினார். "ஒரு பிளேன்ரீ தாரும். சீனி குறைச்சு."

வீட்டை உடைக்க வந்தவனுக்கும் தேத்தண்ணீர் போட்டுக் கொடுக்கத்தான் வேண்டும். கடை என்று திறந்து வைத்தால் அதுதான் முறை. ஜெகதீஸ்வரி போட்டுக் கொடுத்தாள். சீனி மட்டும் குறைக்கவில்லை. இரண்டு கரண்டி கூடவே போட்டாள். அந்த நேரத்தில் அவளால் செய்ய முடிந்த எதிர்ப்பு அவ்வளவுதான்.

முகம் கோணக் குடித்து முடித்த ஓவசியர் விஷயத்தைச் சொன்னார். வருகிற திங்கட்கிழமை பகுதிக் காரியாதிகாரி டி.ஆர்.ஓ. நேரில் வந்து விசாரிப்பார். கட்டிடத்துக்கு உரிமை காட்டினால் பார்க்கலாம். காட்டாவிட்டால் பதினைந்து நாளில் சட்டிபானை தூக்க வேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை அது. திங்களுக்கு இன்னும் ஆறு நாள்.

பூநகரி றோட்டோரம் பந்தியடி என்றால் லொறிக்காரருக்கும், மாட்டு வண்டிக்காரருக்கும், சங்குப்பிட்டிப் பாதைப்படகைப் பிடிக்க ஓடுகிறவர்களுக்கும் தெரியும். மொட்டைக்கறுப்பன் சோறு, திரளிக் குழம்பு, முருங்கையிலை வறை. பஸ் வருவது நாளுக்கு இரண்டு தரம். வராமல் விடுவதும் உண்டு. வராத நாளில் ஜெகதீஸ்வரியின் பானை நிற்காது. ஏரம்பு விடியவே வண்டியில் பீப்பாய் கட்டி மூன்று மைல் போய் நல்ல தண்ணீர் கொண்டுவருவான். பக்கத்துக் கிணறெல்லாம் உப்பு. இரண்டு பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். காணி என்று ஒரு சாண் கிடையாது. குளத்துத் திட்டத்தில் வயல் கிடைத்தவர்கள் கிடைத்தவர்கள்தான். ஏரம்புவின் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. இந்தக் கட்டிடம் இருக்கிறதே என்று அவனும் அசட்டையாக இருந்துவிட்டான்.

கட்டிடத்துக்கு உறுதிப் பத்திரம் இல்லை. ஆனால் கதை இருந்தது, சுவர் நிறைய.

மாரியில் தெற்குச் சுவர் வியர்க்கும். விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். இங்கிலீசுக்காரன் உப்புக் குவித்து வைத்திருந்தானாம். கூரை வளையில் இரண்டு இரும்புக் கொளுக்கி தொங்கும். பிறகு இது துரைமார் தங்கும் வாடிவீடாக மாறியபோது அவர்களுக்குக் காற்று வீசப் பங்கா கட்டியது. நடுச்சுவரில் சுண்ணாம்பு எட்டுப் பூச்சுத் தடிப்பில் பொருக்கு விடும். அம்மை கண்டவர்களைக் கொண்டுவந்து கிடத்திய வருஷத்தில் மாதத்துக்கு ஒரு பூச்சு. கிழக்கு மூலையில் கறுப்பு மையில் சிப்பாய்களின் எழுத்து; அது ஹிட்லர் சண்டைக் காலம். ஏரம்புவின் தகப்பன் வாடிவீட்டில் சமைத்தார், அம்மைக்காரருக்குக் கஞ்சி வைத்தார், சிப்பாய்களுக்கு மாட்டிறைச்சி அவித்தார். சிப்பாய்கள் போன பிறகு பூட்டுத் திறப்பைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. அவரும் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை.

உப்புக்கு முன்னால் என்ன? அங்கேதான் ஊரின் கதை நின்றுவிடும்.

ஜெகதீஸ்வரிக்கு அது பொறுக்காது. கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து அவளை அரித்தது அந்த வாசல். யன்னல்கள் பூனை நுழைகிற அளவு. வாசல் மட்டும் பதினாலடி உயரம். சோற்றைக் கோப்பையில் போட்டபடி போகிறவன் வருகிறவனிடமெல்லாம் கேட்பாள். ஒருவரும் ஒழுங்கான பதில் சொன்னதில்லை.

"ஒல்லாந்தன் தொப்பி கழட்டமாட்டான், பிள்ளை. அதுதான்," என்றார் அப்புத்துரை. அந்தப் பக்கத்தில் பெட்டிசம் எழுதுவதில் பேர்போனவர். புதன்கிழமை பின்னேரம் காதில் பேனையைச் செருகிக்கொண்டு வந்து குந்தியிருந்தார்.

"பதினாலடித் தொப்பியோ அம்மான்?"

"குதிரையிலை இருந்தபடி வருவான் பிள்ளை. குதிரை ஏழு, அவன் ஆறு, தொப்பி ஒண்டு. கூட்டிப் பார்."

"எடியே, அம்மானைக் குழப்பாதை," என்றான் ஏரம்பு. "அம்மான், நீங்கள் எழுதுங்கோ."

அப்புத்துரை கண்டுபிடித்த வழி இதுதான். ஊர் இந்தக் கட்டிடத்தைப் பந்தி என்றுதானே சொல்கிறது? பந்தி என்றால் என்ன? வரிசையாக இருத்திச் சோறு போடுவது. ஆக, இது ஆதியிலிருந்தே ஒரு தருமக் கட்டிடம். தருமத்தை உடைத்து றோட்டுப் போட எந்த அரசாங்கத்துக்கும் மனம் வராது. அத்தாட்சியும் கைக்குள்ளேயே இருந்தது. ஆவணி விதைப்புக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை ஊரெல்லாம் கூடி இங்கே ஒரே வரிசையில் இருந்து சாப்பிடுவார்கள். பந்திச்சோறு என்று பெயர். தாமரை இலையில்தான் பரிமாறுவது. ஆனால் முதல் இலை யாருக்கும் இல்லை. வடக்குத் தூணடியில் ஏழு தாமரை இலையைச் சேர்த்து விரித்து, உப்பில்லாத சோற்றை ஆள் தலையளவு உருண்டையாகப் பிடித்து, பனங்கட்டி பதித்து வைப்பார்கள். மேலே ஒரு ஆலங்கொப்பு. 'வராத விருந்தாளி'க்கு என்று சொல்வார்கள். ஆலங்கொப்பு அவருக்கு நிழலாம்.

"உள்வீட்டுக்குள்ளை இருக்கிற ஆளுக்கு ஏன் நிழல்?" என்றாள் ஜெகதீஸ்வரி.

ஏரம்பு கையெடுத்துக் கும்பிட்டான். "திங்கக்கிழமை டி.ஆர்.ஓவுக்கு முன்னாலை மட்டும் உப்பிடி வாயைத் திறந்திடாதை, ஆத்தை."

பெட்டிசம் தயாரானது. 'பரம்பரை பரம்பரையாய்ப் பசித்தவர்க்குச் சோறு போட்டுவரும் தருமப் பந்தி' என்ற வரியை அப்புத்துரை மூன்று முறை உரக்க வாசித்தார். மூன்றாம் முறை அவருக்கே கண் கலங்கியது.

எல்லாம் சரியாய்த்தான் போய்க்கொண்டிருந்தது, சனிக்கிழமை சோளகக் காற்று அடிக்கும் வரைக்கும்.

முல்லைத்தீவு முத்தலிப் பத்து வருஷமாக அந்த றோட்டால் தோல் வாங்கிப் போகிறவர். மாட்டுத்தோல், மான்தோல், எல்லாம் வண்டியில் இருக்கும். அந்த நாற்றத்தோடு நாலு பேர் சாப்பிடுகிற இடத்துக்குள் நுழையக் கூடாது என்பது அவர் தனக்குத்தானே போட்ட சட்டம். பத்து வருஷமும் வெளியே புளியமரத்தடியிலேயே சாப்பிட்டார். அன்று காற்று மண்ணை அள்ளி நேரே சோற்றுக் கோப்பைக்குள் கொட்டியது.

"உள்ளை வாங்கோ நானா! மண்ணைத் திண்டுட்டுப் போறதுக்கு என்ரை கடையோ கிடைச்சது?"

தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். வாசலை நிமிர்ந்து பார்த்தார். தூண்களைப் பார்த்தார். கையில் பிசைந்த சோறு வாய்க்குப் போகவில்லை.

"தங்கச்சி, உங்கட வீட்டிலை ஆனையை எங்கினை கட்டுறனீங்கள்?"

ஜெகதீஸ்வரி சிரித்தாள். "இவர் ஒருத்தரைக் கட்டி வைக்கிறதே பெரும்பாடு நானா."

"பகிடியில்லை. இதைப் பார்." எச்சிற்கையோடு எழுந்து போய், இடக்கையால் தூணைத் தொட்டுக் காட்டினார். "கீழை கல்லு சொரசொரப்பு. என்ரை தலைக்கு மேலை பார், மழமழ எண்டு கிடக்கு. ஆர் தேச்சது? மனிசன் முதுகு சொறிஞ்சால் இவ்வளவு உயரத்திலையோ சொறிவான்?"

ஜெகதீஸ்வரி வாங்கில் ஏறித் தடவினாள். எண்ணெய் பூசிய அம்மிபோல வழுக்கியது. பதினைந்து வருஷமாக ஒட்டடை அடிக்கிற தூண். ஒருநாளும் தட்டுப்படவில்லை.

"என்ரை வாப்பாவின்ரை வாப்பா ஆனை பிடிக்கிற பணிக்கமாருக்கு வார்க்கயிறு திரிச்சுக் குடுத்தவர்," என்றார் முத்தலிப். "காட்டிலை பிடிச்சதை நடத்திக் கொண்டுவந்து பந்தியிலை கட்டுறது, பேந்து அங்காலை யாழ்ப்பாணத்துக்கு விக்கக் கொண்டுபோறது எண்டு சொல்லுவாராம். எந்தப் பந்தியோ எண்டு நான் இருந்தன்."

"என்ன சொன்னனீங்கள்? பந்தியோ?"

"ஓம். ஆனைப்பந்தி. யாழ்ப்பாணத்திலையும் அந்தப் பேரிலை ஒரு இடம் கிடக்கெல்லே? குதிரை கட்டினால் குதிரைப்பந்தி. ஆனை கட்டினால் ஆனைப்பந்தி."

அகப்பையைப் பிடித்தபடி நின்றாள் ஜெகதீஸ்வரி. பதினாலடி வாசல். உப்பில்லாச் சோற்று உருண்டை. பனங்கட்டி. ஆலங்கொப்பு. நிழலாவது மண்ணாவது!

"நானா... நாங்கள் வருசாவருசம் ஒரு விருந்தாளிக்குச் சோறு வைக்கிறனாங்கள்..." என்று தொடங்கி முழுவதையும் சொன்னாள்.

முத்தலிப் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அட அல்லாவே! ஆனை போய் நூற்றைம்பது வருசமாச்சு. ஊர் இன்னும் தீனி வைச்சுக்கொண்டிருக்கு!"

பின்னால் பீப்பாய் உருட்டிக்கொண்டு வந்த ஏரம்பு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான். அவன் சிரிக்கவில்லை.

"நானா, கோவியாதேங்கோ. சோத்தோடை சேத்து இந்தக் கதையையும் விழுங்கிப்போட்டுப் போங்கோ. ஆனை கட்டினது வெள்ளைக்காரக் கும்பினி. கும்பினியின்ரை சொத்தெல்லாம் அரசாங்கத்துக்கு. இது வெளியிலை வந்தால் நாங்கள் றோட்டிலை."

முத்தலிப்பின் முகம் சுருங்கியது. "நான் ஒண்டும் காணேல்லைத் தம்பி," என்றார். ஆனால் போகும்போது வண்டியில் ஏறியவர் மெதுவாக ஜெகதீஸ்வரியிடம் சொல்லிவிட்டுப் போனார். "தூணடியிலை இரும்பு வளையம் இருக்கோணும். சங்கிலி பூட்டுறதுக்கு. சும்மா சொன்னனான்."

சும்மா சொன்னாராம். பஞ்சுப் பொதியில் நெருப்புக்குச்சியைச் சும்மா போட்டதுபோல.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏரம்பு தண்ணீருக்குப் போன கையோடு அவள் அலவாங்கைத் தூக்கினாள். வடக்குத் தூணடி மண் மெழுகி மெழுகிக் கல்லாய் இறுகியிருந்தது. ஒரு முழம் போவதற்குள் கை கொப்பளித்துவிட்டது. கரித்துண்டு வந்தது. சுண்ணாம்பு வந்தது. உடைந்த பீங்கான் ஒன்று வந்தது, நீலப்பூப் போட்டது. பிறகு 'ணங்' என்றது. அவள் முழங்காலில் விழுந்து கையால் மண்ணைத் தோண்டினாள். அவளுடைய மணிக்கட்டுத் தடிப்பில் இரும்பு. வளைந்து போய்க் கல்லுக்குள் இறங்கியது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து மெலிந்திருந்தது. எத்தனை நாள் எந்த மிருகம் இழுத்ததோ, அந்தப் பக்கம்.

"உனக்கு விசரோ?"

ஏரம்பு வாசலில் நின்றான். அவன் அடிக்கிற ஆளில்லை. அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்குப் பட்டது. முகம் அப்படி இருந்தது.

"இஞ்சாருங்கோ, வந்து தொட்டுப் பாருங்கோவன். ஒரு பக்கம் தேஞ்சிருக்கு."

"எங்களை உடைக்கிறதுக்கு நீயே அலவாங்கு எடுத்துக் குடுக்கிறாய்."

"உண்மையைத்தானே தோண்டினனான்."

"உண்மை அங்கினை கிடக்கட்டும். நாங்கள் எங்கை கிடக்கிறது? சொல்லு."

அவன் மண்ணைத் தள்ளி மூடினான். அது பழைய மட்டத்துக்கு வரவில்லை. தோண்டிய மண் எப்போதும் கூடத்தான் இருக்கும். மேலே ஒரு அரிசிச் சாக்கைத் தூக்கி வைத்தான். அன்றிரவு 'உப்புக் காணாது' என்றுகூட அவன் சொல்லவில்லை, சொதியில் உப்பே இல்லாதபோதும்.

திங்கட்கிழமை பத்தரைக்கு டி.ஆர்.ஓவின் கார் வந்தது. ஒல்லியான மனிதர். மூக்குக் கண்ணாடி. வந்ததும் ஒருவரையும் பார்க்கவில்லை, வாசலைத்தான் பார்த்தார். ஜெகதீஸ்வரி கவனித்தாள். அரிப்பு உள்ள ஆளுக்கு அரிப்பு உள்ள ஆளைத் தெரியும்.

அப்புத்துரை பெட்டிசத்தை வாசித்தார். தருமப் பந்தி வந்த இடத்தில் குரல் தழுதழுத்தது. ஓவசியர் கொட்டாவி விட்டார்.

"எல்லாஞ் சரி," என்றார் டி.ஆர்.ஓ. "சோறு போடுற இடத்துக்கு ஏன் காணும் உவ்வளவு பெரிய வாசல்?"

"ஒல்லாந்தரின்ரை தொப்பி ஐயா," என்றார் அப்புத்துரை. "குதிரை ஏழு, அவன் ஆறு..."

டி.ஆர்.ஓ. சிரித்துவிட்டார். பிறகு ஜெகதீஸ்வரி பக்கம் திரும்பினார். "நீர் என்ன சொல்லுறீர்? இதுக்குள்ளை சீவிக்கிறது நீரெல்லே?"

ஏரம்பு அவளைப் பார்க்கவில்லை. அரிசிச் சாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு பொய். ஒரே ஒரு 'ஓம் ஐயா'. அதுவுங்கூட அப்புத்துரையின் பொய். அவள் ஆமோதித்தால் மட்டும் போதும். பிள்ளைகளின் மாற்றுச் சட்டைகள் ஆணியில் தொங்கின.

"தருமமும் இல்லை, தொப்பியும் இல்லை ஐயா," என்றாள். "ஆனை."

சாக்கைத் தானே இழுத்துத் தள்ளினாள். இளகிய மண்ணைக் கையால் அள்ளினாள். வளையம் தெரிந்தது. தூணின் வழுவழுப்பையும், விருந்தாளியின் உருண்டையையும், ஆலங்கொப்பையும் மூச்சு விடாமல் சொன்னாள். அப்புத்துரை காதிலிருந்த பேனையை எடுத்துப் பைக்குள் போட்டார்.

ஓவசியர் துள்ளி எழுந்தார். "பாத்தியளோ சேர்! கும்பினியின்ரை ஆனைக் கொட்டில். அரசாங்கச் சொத்து. ஆனையும் இல்லை. பாழடைஞ்ச கட்டிடம் எண்டு ஒரு வரி எழுதினீங்களெண்டால் நாளைக்கே கூலியாளோடை வாறன்."

டி.ஆர்.ஓ. கேட்டதாகவே தெரியவில்லை. மடிப்புக் கலையாத வெள்ளைக் காற்சட்டையோடு மண்ணில் முழங்கால் குத்தினார். வளையத்தைத் தொட்டார். தேய்ந்த பக்கத்தை விரலால் வருடினார்.

"ஒரு பக்கம் தேஞ்சிருக்கு," என்றார்.

"ஓம் ஐயா. நானும் அதைத்தான் சொன்னனான்," என்றாள் ஜெகதீஸ்வரி.

எழுந்து வாங்கில் இருந்து படிவத்தை விரித்தார். பேனை நின்றது. "இஞ்சை ஒரு கட்டம் கிடக்கு, கட்டிடத்தின்ரை பாவனை எண்டு. ஒரே ஒரு சொல்லுத்தான் எழுதலாம். வீடு எண்டு எழுதினால் உங்களிட்டை உறுதி இல்லை. மடம் எண்டால் பொய். மிருகம் கட்டுற கொட்டில் எண்டால் மிருகம் இல்லை. பாழ் எண்டு ஓவசியர் சொல்லுறது சரியாப்போம்."

ஏரம்பு தலையில் கை வைத்துக்கொண்டு குந்திவிட்டான்.

ஜெகதீஸ்வரி வாசலைப் பார்த்தாள். "உப்புக் கிடந்தது, துரைமார் கிடந்தவை, அம்மைக்காரர் கிடந்தவை, சிப்பாய் கிடந்தவன். எல்லாரும் போயிட்டினம். ஒருத்தற்றை பேரும் இதுக்கு ஒட்டேல்லை ஐயா. ஆனை கட்டேக்கையும் இதுக்குப் பந்திதான், நான் சோறு போடேக்கையும் பந்திதான். பந்தி எண்டே எழுதுங்கோ. அதிலை பொய்யில்லை."

"பந்தி," என்றார் டி.ஆர்.ஓ., மிட்டாயை நாக்கில் உருட்டுகிறதுபோல. "இதுக்கு இங்கிலீசிலை சொல்லில்லையே."

"அது கூடாதோ ஐயா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லதெண்டு நினைக்கிறன்." அந்தச் சொல்லை அப்படியே இங்கிலீசு எழுத்தில் கட்டத்துக்குள் எழுதி மை ஒற்றினார். "விளங்காத சொல்லைக் கண்டால் மேலிடத்திலை ஒருத்தரும் கையெழுத்து வைக்கமாட்டினம். என்ன எண்டு கேட்டு எழுதுவினம். நான் மறுமொழி எழுதுவன். திரும்பவும் கேப்பினம். ஓவசியர், கேள்வி முடியுமட்டும் இதிலை ஒரு கல்லும் அசையக்கூடாது."

"அது எப்ப சேர் முடியும்?"

"அது எனக்கெப்பிடித் தெரியும்? பசிக்குது. பிள்ளை, என்ன குழம்பு?"

கேள்வி முடியவில்லை.

முதற் கடிதம் எட்டு மாதம் கழித்து வந்தது. பந்தி என்பது வழிபாட்டுத் தலமா? இல்லை என்று டி.ஆர்.ஓ. எழுதினார். இரண்டாவது, அடுத்த வருஷம் தைப்பொங்கலுக்குப் பின்னால். அப்படியானால் அது போசனசாலையா? ஓம், அதுவுந்தான் என்று பதில் போனது. அதற்குள் புது றோட்டுக்கு வேறெங்கிருந்தோ கருங்கல் வந்து, றோட்டும் போட்டு, அந்த றோட்டால் வந்த லொறிகளெல்லாம் பந்தியடியில் சாப்பிடத் தொடங்கியிருந்தன. ஓவசியர் யோகலிங்கமும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். சீனி குறைத்த பிளேன்ரீ இப்போது அவருக்குச் சொல்லாமலே கிடைத்தது.

மூன்றாவது கடிதத்தை டி.ஆர்.ஓவின் கிளாக்கர் கையோடு கொண்டுவந்து வாசித்தார். மேற்படி பந்தியில் ஒரே நேரத்தில் எத்தனை பேருக்கு இடமுண்டு? உடன் அறியத்தரவும்.

"மனிசர் எண்டால் நாப்பது," என்றாள் ஜெகதீஸ்வரி. "மற்றது எண்ணேல்லையே."

அவள் சொல்லி வாய் மூடவில்லை. ஏரம்பு மூலையிலிருந்து அலவாங்கை எடுத்துக்கொண்டு வந்தான். அவள் அவனைப் பார்த்தாள். அவன் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "கேட்டால் சொல்லத்தானே வேணும்," என்றான்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கோப்பையோடு எழுந்தார்கள். வாங்குகள் வெளியே போயின. ஓவசியர் பையிலிருந்து நாடாவை எடுத்தார். முதல் வளையத்திலிருந்து அடுத்த தூணடிக்குப் பன்னிரண்டடி. தோண்டினால் இருந்தது. அடுத்த பன்னிரண்டடி, இருந்தது. மூன்றாவதைக் கண்டதும் லொறிக்காரர் ஒருவர் ஏரம்புவின் கையிலிருந்து அலவாங்கைப் பறித்தார். அப்புத்துரை ஒவ்வொன்றுக்கும் குந்தியிருந்து வணக்கம் சொன்னார். பின்னேரத்துக்குள் எட்டு வளையம் வெயிலைக் கண்டன.

ஓவசியர் மறுபடியும் நாடாவைப் போட்டார். "இன்னும் ஒண்டு இருக்கோணும். பன்னிரண்டடி... இந்தா, இதுக்குக் கீழை."

நாடாவின் முனை நேரே அடுப்பில் போய் நின்றது. மேலே பானை கொதித்துக்கொண்டிருந்தது.

"உடைச்சுப் பாப்பமே?" என்றான் ஏரம்பு. வேர்வையும் மண்ணுமாய், கண் மட்டும் பளபளத்தது. "ஒரு நாளிலை திரும்பக் கட்டலாம். எனக்கு அறிஞ்சு போடவேணும், ஜெகதீஸ்வரி."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். இந்த ஊரில் அறிந்துகொள்ளாமல் விடாத ஆள் அவள் ஒருத்திதானே.

அவள் அடுப்புக்குள் விறகைத் தள்ளினாள்.

"கிளாக்கர் ஐயா, கண்டது எட்டு. எட்டு எண்டு எழுதுங்கோ," என்றாள். "ஒன்பதாவது அடுத்த கடிதத்துக்குக் கிடக்கட்டும்."